புளி போட்டு விளக்கிய தோட்டாக்கள்

போன மாதம் தினேஷ் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். எங்கள் தோட்டக் கம்பெனியின் துணைப் போலீஸ் பிரிவில் ஏழு வருடம் என்னோடு ஒரே வண்டியில் சுற்றியவன். இப்போது அவனே கோப்ரல் ஆகிவிட்டான்.

"அண்ணே, ரிவால்வர் எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டு பிஸ்டல் குடுக்கப் போறாங்க. பெலுருவும், அதான் தோட்டாவும், புதுசு. சுடும்போது உதை ரொம்ப கெராஸா, முரட்டுத்தனமா இருக்கும்னு நம்ம பசங்க பயப்படுறானுங்க. முன்ன ஒரு தடவை தோட்டா மாத்துனப்ப நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். நாலு வார்த்தை எழுதிப் போடுங்க லா. அப்புறம் இன்னொண்ணு கேக்குறானுங்க, இத்தனை வருஷத்துல நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு."

நாலு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்குத் தெரியாது. என் மனைவி பார்வதியைக் கேட்டால் நானூறு வார்த்தையில் சொல்லவும் தெரியாது என்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். நான் பட்ட பாட்டை மறைக்காமல் எழுதினால்தான் பசங்களுக்கு உதவும்.

நான் கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இருபத்து நாலு வயதில் இந்த வேலையில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் அணிவகுத்து நடப்பது, சல்யூட் அடிப்பது, மலாயில் ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கடைசி வாரத்தில்தான் கையில் கொடுத்தார்கள். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

வேலைக்கு வந்த பிறகு தினமும் ஒரே சடங்கு. காலையில் ஆயுத அறை ஜன்னலில் கையெழுத்துப் போட்டு ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்குவோம். மாலையில் திருப்பிக் கொடுப்போம். உள்ளே இருப்பவர் உள்ளங்கையில் எண்ணிப் பார்த்து "ஆறு" என்பார். நாமும் "ஆறு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால் வேலை மட்டுமல்ல, ஜெயிலும் உண்டு. சுட்ட தோட்டாவின் காலி உறை ஒன்று சட்டைப் பையில் தங்கிப் போனாலும் வினைதான். அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாக ஆறு தோட்டா. வருடக்கணக்கில் அதே ஆறுதான் போகும், வரும்.

அந்த ஆறையும் யாரும் சுட்டதே கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் பயிற்சிக்கு வேறு தோட்டா வரும். மருந்து குறைவான, மெத்தென்ற பயிற்சித் தோட்டா. கன்றுக்குட்டி வந்து உள்ளங்கையில் முட்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதில் நான் பெரிய ஆள். எங்கள் வீட்டுத் தெர்மோஸ், போர்வை, சோறு வேகிற குக்கர் எல்லாம் நான் போட்டியில் சுட்டு ஜெயித்துக் கொண்டு வந்தவை. பார்வதி சொந்தக்காரர்களிடம் "இது இவரு சுட்ட சோறு" என்று சிரிப்பாள். எனக்குத் தலைகால் புரியாது.

இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. ஆய்வு நாளில் தோட்டாக்களை வரிசையாக மேசையில் நிறுத்தி வைப்போம். என் ஆறும் தங்கம் மாதிரி மின்னும். மற்றவர்கள் துணியால் துடைப்பார்கள். நான் வீட்டிலிருந்து புளி கொண்டு போவேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்குவதற்கு எடுத்து வைக்கும் பழம்புளியில் ஓர் உருண்டை. ஸ்டேஷன் பின்கட்டில் உட்கார்ந்து தோட்டா ஒவ்வொன்றையும் அடி முதல் நுனி வரை புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, கடைசியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் தடவுவேன். முந்தைய அதிகாரி என் தோட்டாவைத் தூக்கிக் காட்டி, "எல்லாரும் இதைப் பாருங்க" என்று சொன்னதும் உண்டு. எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

அப்போதுதான் நூர்ஜகான் மேடம் எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தார். மலாய் வழக்கப்படி நாங்கள் புவான் என்போம். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். அவருடைய அப்பா சுங்கைப் பட்டாணியில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். நம்மைப் போலவே சரளமாகத் தமிழ் பேசுவார். வெளியே என்னை "அண்ணே" என்று கூப்பிடுவார். சுடும் திடலுக்குள் கால் வைத்துவிட்டால் "கோப்ரல்". அந்தக் கோட்டை ஒரு நாளும் அவர் தாண்டியதில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தோட்டா போடும் ஒவ்வொரு தடவையும் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொள்வார். மற்ற அதிகாரிகள் குண்டு படுகிற குறிப்பலகையைப் பார்ப்பார்கள். இவர் நம் வலது தோளுக்குப் பின்னால் நின்று நம் முகத்தையே பார்ப்பார். எரிச்சலாக வரும்.

ஜெராய் மலை தெரிகிற திடலில் முதல் பயிற்சி. பயிற்சித் தோட்டாப் பெட்டி எங்கே என்று நான் தேடினேன்.

"பெட்டி வேணாம் கோப்ரல். இடுப்புல ஆறு இருக்கே, அதைச் சுடுங்க."

"புவான், இது டூட்டி தோட்டா. இதைச் சுடுறதில்ல."

"அப்ப எதுக்குச் சுமக்குறீங்க?"

பின்னால் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. நான் விறைப்பாக நின்று குறி பார்த்து விசையை இழுத்தேன். டக். அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

துப்பாக்கியைத் திருப்பி என்ன ஆச்சு என்று பார்க்கப் போனேன்.

"அசையாதீங்க. குறிப்பலகையைப் பாத்தபடியே பிடிங்க. முப்பது எண்ணுங்க, சத்தமா."

மருந்து தாமதமாகப் பற்றி வெடிக்கலாம், அதற்காகத்தான் அந்த முப்பது. நியாயம்தான். ஆனால் குக்கர் ஜெயித்தவன் பதினோரு பேருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது இருக்கிறதே, அந்த அவமானத்தை எதிரிக்கும் நான் வேண்ட மாட்டேன். முப்பது முடிந்து மறுபடி இழுத்தேன். சிலிண்டர் சுழன்று வந்த அடுத்த தோட்டா வெடித்தது. உதை முழங்கை வரை ஏறியது. குண்டு நடுவில் பாய்ந்தது. அதற்கடுத்தது கீழே போனது. அதற்கடுத்தது மணலில் புகுந்தது. இடையில் இன்னொரு டக். இன்னொரு முப்பது. ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. வெடித்த நாலில் ஒன்றுதான் குறிப்பலகைக் காகிதத்தின் நடுவில் இருந்தது.

மற்ற எல்லாருக்கும் எல்லாத் தோட்டாவும் வெடித்தன. புவான் என் இரண்டையும் பத்திரமாக எடுக்கச் செய்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார். பளபளவென்றிருந்தது.

"கோப்ரல், இதை என்ன போட்டு வெளக்குனீங்க?"

"புளி, புவான்."

"புளியா?"

"புளி போட்டுத் தேய்ச்சு, கழுவி, எண்ணெய் போடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. அன்று சிரிக்காததற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். தண்ணீரும் எண்ணெயும் தோட்டாவின் அடியில் இருக்கிற சின்ன மூடியின் விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி மருந்தைக் கெடுத்திருக்கும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். புதுத் தோட்டா வருகிறது, முனையில் குழி வைத்தது, உடம்பில் பட்டால் விரிந்து அங்கேயே நின்றுவிடும், ஆளைத் துளைத்துக்கொண்டு போய் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பலகைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையைத் தொடாது, ஆனால் குறி தப்பினால் எந்தத் தோட்டாவும் சுவருக்குள்தான் போகும் என்றார். இடுப்பில் எதைச் சுமக்கிறோமோ அதைத்தான் இனிமேல் சுட்டுப் பழக வேண்டும். மூன்று வாரம் அவகாசம். ஆறும் காகிதத்தில் விழாதவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்து கேட் காவலுக்குப் போகலாம்.

கேட்டுக்கு! லாரி நம்பர் எழுதிக்கொண்டு உட்காரவா இத்தனை வருடம் உழைத்தேன்? வீட்டுக்கு வந்து குதித்தேன். நேற்று வந்த பொண்ணு, எனக்கே சொல்லிக் கொடுக்குது என்றேன். பார்வதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வெடிக்காத தோட்டாவ இடுப்புல வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் சுத்துனது நீங்களா, அந்தப் பொண்ணா?"

நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன்.

புதுத் தோட்டா வந்தது. பழையதைவிட முரட்டு உதை. தினேஷ், இங்கிருந்து பசங்களுக்குப் படித்துக் காட்டு.

முதல் தோட்டா நன்றாகத்தான் போகும். ஏனென்றால் உதை எப்படி இருக்கும் என்று கைக்கு இன்னும் தெரியாது. இரண்டாவதிலிருந்து கைக்குத் தெரிந்துவிடும். வெடிக்கப் போகிறதே என்று அது முன்னாலேயே துப்பாக்கியைக் கீழே அழுத்தும். கண் இறுக்கி மூடிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. நான் அடித்துச் சத்தியம் செய்தேன், என் கண் மூடவில்லை என்று. புவான் என் ரிவால்வரை வாங்கினார். முதுகைக் காட்டி நின்று, தோட்டா போட்டு, சிலிண்டரை மூடிக் கொடுத்தார். சுட்டேன். வெடித்தது. மறுபடி இழுத்தேன். டக். வெடித்த காலி உறை ஒன்றை நடுவில் போட்டு வைத்திருந்தார். வெடிக்காத அந்த ஒரு நொடியில், ஆடாமல் நிற்க வேண்டிய என் துப்பாக்கி கோழி தவிடு கொத்துவதுபோல் குனிந்து எழுந்தது. பதினோரு பேரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"இப்ப தெரியுதா கோப்ரல்? உதைக்கிறது தோட்டா. குனியிறது நீங்க."

நான் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தேன். அவரே தொடர்ந்தார்.

"உதைக்கட்டும். அது உதைக்கத்தான் செய்யும். உதைச்ச பிறகு கைய பழைய இடத்துக்குக் கொண்டாங்க, போதும். உதைக்கிறதுக்கு முன்னாலயே ஏன் சண்டைக்குப் போறீங்க?"

பிடியை முதலிலிருந்து திருத்தினார். கைப்பிடியில் எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே வலது கை. இடைவெளி இல்லாமல் அதைச் சுற்றி இடது கை, பெருவிரல் மேல் பெருவிரல். முழங்கை கட்டை மாதிரி விறைக்கக் கூடாது, மணிக்கட்டு தளரக் கூடாது. உடம்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், சைக்கிள் தள்ளுகிறவன் மாதிரி. விசையை வெடுக்கென்று பறிக்காமல், எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியாதபடி அழுத்திக்கொண்டே போக வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல் மேல் பத்து சென் காசை நிறுத்தி விசையை இழுக்கச் சொன்னார். காசு விழாமல் இருபது தடவை. எனக்கு முதல் நாள் மூன்றாவதிலேயே விழுந்தது.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்தேன். அதற்கும் ஒரு விசை இருக்கிறது அல்லவா? ஹாலில் நின்று இரண்டு கையாலும் பிடித்து, சுவர்க் காலண்டரைக் குறிபார்த்து, பாட்டிலின் மூக்கு ஆடாமல் அழுத்திப் பழகினேன்.

"ஐயையோ! அந்தக் காலண்டர்ல முருகன் இருக்காருங்க!" என்று பார்வதி அலறினாள்.

மூன்று வாரத்தில் முருகன் நனைந்து சுருங்கிப் போனார். எனக்குக் காசு விழுவது நின்றது. சோதனை நாளில் கண் திறந்திருந்ததை நானே உணர்ந்தேன். வெடிக்கும்போது குழல் வாயில் வருகிற மஞ்சள் வெளிச்சத்தை அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை வருடம் சுட்டவன், அதுவரை அதைப் பார்த்ததில்லை! ஆறும் காகிதத்தில் இருந்தன.

அதற்கு அடுத்த வருடம்தான் கண்ணன் விஷயம்.

மெர்போக் பக்கத்துத் தோட்ட டிவிஷனில் செம்பனைப் பழக்குலை வெட்டுகிறவன் கண்ணன். அவன் கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன். தங்கமான பையன், குடி வந்து கெடுத்தது. ஒரு நாள் மத்தியானம் அந்த டிவிஷன் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி போன் போட்டு அலறினார். கண்ணன் மனைவியை அடித்திருக்கிறான். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பாலர் பள்ளிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே வேறு பிள்ளைகளும் ஆசிரியையும் இருந்தார்கள். இவன் குலை வெட்டும் அரிவாளைக் கம்பிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கதவை வெட்டிக்கொண்டிருந்தான்.

தினேஷும் நானும் போய்ச் சேர்ந்தபோது கதவில் ஒரு கை நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் கத்துவது கேட்டது. தினேஷ் சன்னல் பக்கமாகப் பிள்ளைகளை இறக்க ஓடினான். நான் ரிவால்வரை எடுத்தேன். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு மனிதனைப் பார்த்து அதை நீட்டியது அதுதான் முதல் தடவை.

"கண்ணா! கீழ போடுப்பா! நான்தான்ப்பா!"

"நீ போண்ணே! இது எங்க குடும்ப விஷயம்! போயிரு!"

"அருவாள போடு, நான் போயிர்றேன்."

அவன் திரும்பினான். முகமே வேறு முகமாக இருந்தது. "சுடு! சுட்டுத் தள்ளிட்டுப் போ!" என்று கத்திக்கொண்டு, அரிவாளை ஓங்கியபடி என்னை நோக்கி ஓடிவந்தான். பத்தடி இருக்கும். அவனுக்குப் பின்னால் அந்தப் பலகைச் சுவர். அதற்குப் பின்னால் பிள்ளைகள். கை குனிந்தால் தரையில் போகும், அவன் என்னை வெட்டுவான், பிறகு கதவுக்குத் திரும்புவான். கை மேலே போனால் சுவர். நான் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். விசையை அழுத்த ஆரம்பித்தேன். துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தி எழும்புவது விரலுக்குத் தெரிந்தது. பாதி தாண்டிவிட்டது.

கண் திறந்திருந்தது. அதனால் பார்த்தேன். அவன் விரல்கள் விரிந்தன. அரிவாள் அவன் முதுகுப் பக்கமாக விழுந்தது. கை மட்டும் ஓங்கியபடியே வெறுங்கையாக வந்தான்.

விரலை எப்படித் தளர்த்தினேன் என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினேன். கண்ணன் வந்து என் நெஞ்சில் மோதி, அப்படியே சரிந்து, என் பூட்ஸைக் கட்டிக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று அழுதான். தினேஷ் ஓடிவந்து விலங்கு மாட்டினான். சன்னலிலிருந்து அவன் மகள் "அப்பாவ அடிக்காதீங்க!" என்று கத்தினாள். நான் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். இதை எழுத வெட்கமாக இல்லை.

ரிப்போர்ட் கொடுத்தபோது புவான் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"விரல் விசையில இருந்துச்சா அண்ணே?"

"இருந்துச்சு புவான். பாதிக்கு மேல."

"கண்ணு?"

"தொறந்துதான் இருந்துச்சு."

அவர் தலையை மட்டும் அசைத்தார். என்னிடமிருந்த ஆறு தோட்டாவை வாங்கி எண்ணி ஒரு காகித உறைக்குள் போட்டு, மேலே என் பெயரை எழுதிப் பூட்டினார். எனக்கு வேறு ஆறு கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. சுடவில்லையே, பிறகென்ன என்று எல்லாரும் முதுகைத் தட்டினார்கள். இன்னும் ஓர் அரிசி அளவு அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை அழுத்தியிருந்தாலும் அது வெடித்திருக்காது, என் பழைய புளித் தோட்டா மாதிரி டக் என்றிருக்கும். பொய்தான், தெரியும். புதுத் தோட்டாவை நான் விளக்கியதே இல்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு மாதங்களை ஓட்டினேன். பார்வதியிடமும் சொன்னேன். யார் மூலமாகவோ அது புவான் காதுக்கும் போயிருக்கும்.

கண்ணன் சிறைக்குப் போனான், பிறகு சிகிச்சைக்குப் போனான், குடியை விட்டான். இப்போது சுங்கைப் பட்டாணியில் கார் கழுவும் கடையில் இருக்கிறான். மனைவி திரும்பி வந்துவிட்டாள். மகள் இடைநிலைப் பள்ளி போகிறாள், என்னைப் பார்த்தால் "பெரியப்பா" என்று ஓடி வருவாள். பசங்க கேட்டதற்குப் பதில் இதுதான் தினேஷ், நான் யாரையும் சுட்டதில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. இதையும் சொல்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய டூட்டி தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது கொடுப்பது புவான் கொண்டுவந்த பழக்கம். கண்ணன் விஷயத்துக்குப் பிறகு வந்த பயிற்சியில் என் முறை வந்ததும் அவர் பையிலிருந்து அந்த உறையை எடுத்தார். என் பெயர் அவர் கையெழுத்தில் இருந்தது.

"கோப்ரல், இது அந்த ஆறு. சுடுங்க."

"வேணாம் புவான்."

"சுடுங்க."

அவரே பிஸ்மில்லா சொல்லி என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். போட்டேன். நின்றேன். மேலே பிடித்தேன், இடைவெளி இல்லாமல். அழுத்தினேன். வெடித்தது. உதைத்தது, திரும்பி வந்தது. இரண்டு. மூன்று. ஒன்றாவது டக் என்று சொல்லாதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலு. ஐந்து. ஆறாவதும் வெடித்தது.

புவான் நடந்துபோய்க் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். நெஞ்சு இருக்கிற இடத்தில் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆறு ஓட்டை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆறும் நல்ல தோட்டா" என்றார் புவான். பிறகு என் விரல் ஒன்றைப் பிடித்து ஓர் ஓட்டையின் மேல் வைத்தார். திடலுக்குள் ஒரு நாளும் கூப்பிடாத மாதிரி அன்று என்னைக் கூப்பிட்டார்.

"காகிதம்தான் அண்ணே. தொட்டுப் பாருங்க. காகிதம்தான்."